வலியின் மொழியும் மின்தூண்டல் மருத்துவமும்

முக்கூடல் என்றதும் நெல்லைச் சீமையில் வாழ்வோருக்குத் தாமிரபரணியும் பீடித் தொழிலும் ஒருசேர நினைவுக்கு வரும். மடியில் சுளகை வைத்துக்கொண்டு, நனைத்த இலையைத் தகட்டின் அளவுக்குக் கத்தரித்து, தூளிட்டுச் சுருட்டி, நூல் சுற்றி, முனை மடக்கி வைக்கும் பெண்களை அவ்வூர்த் தெருக்களில் இன்றும் காணலாம். கூலிக்கு அலகு ஆயிரம் பீடி. ஆயிரத்தை எட்டும் வரை கழுத்தும் முதுகும் குனிந்தபடியே இருக்கும். பீடித் தொழிலாளருக்கென்றே மத்திய அரசின் தொழிலாளர் நலத்துறை மருத்துவமனை ஒன்றை அவ்வூரில் நிறுவியிருப்பது, அத்தொழில் அங்கு எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதற்குச் சான்று.

அவ்வூரைச் சேர்ந்த என் பழைய மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு ஜும்ஆத் தொழுகைக்குப் பின் என்னைக் காண வந்தார். அவருடைய உம்மா முப்பது ஆண்டுகளுக்கு மேல் பீடி சுற்றியவர். முதுகெலும்பின் ஜவ்வு விலகியதற்காக அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர். தையல் ஆறிவிட்டது, ஸ்கேன் படத்திலும் பெரிய குறை ஒன்றும் இல்லை என்றார்கள். ஆனால் இடுப்பிலிருந்து பாதம் வரை இறங்கும் வலி நான்கு ஆண்டுகளாக நின்றபாடில்லை. இந்நிலையில் பெருநகர மருத்துவர் ஒருவர், தண்டுவடத்தின் அருகே மின்கம்பி பதித்து வலியை மட்டுப்படுத்தும் கருவி ஒன்று உண்டு என்றும், அதற்குப் பல இலட்சம் ரூபாய் ஆகும் என்றும் கூறியிருக்கிறார்.

மாணவர் மூன்று வினாக்களை முன்வைத்தார். "ஹஜ்ரத், இது உண்மையிலேயே பலன் தருமா? உடம்புக்குள் மின்சாரக் கருவியை வைத்துக்கொள்ள மார்க்கத்தில் இடமுண்டா? இருக்கும் ஒரே வீட்டை விற்றாவது இதைச் செய்வது என்மீது கடமையா?"

நான் மருத்துவன் அல்லன். ஆயினும் இவ்வினாக்கள் ஒரு குடும்பத்தோடு முடிந்துவிடுபவை அல்ல. நீண்டகால வலியோடு வாழ்வோர் இல்லாத தெரு எது? எனவே மருத்துவர்களிடம் கேட்டும், நூல்களைப் புரட்டியும் அறிந்தவற்றை இங்குத் தொகுத்துத் தருகிறேன்.

வலி என்பது யாது?

அரபு மொழியில் வலியைக் குறிக்க 'அலம்', 'வஜஉ' எனும் இரு சொற்கள் பெருவழக்கில் உள்ளன. மருத்துவ மேதை இப்னு ஸீனா (ஹி. 428 / கி.பி. 1037இல் மறைந்தவர்) தமது 'அல்கானூன் ஃபித் திப்' எனும் பெருநூலில் வலியை வரையறுக்கும்போது, உடலின் இயல்புக்கு முரணானதை உணர்வதே வலி என்ற கருத்தில் எழுதுகிறார். முரணான ஒன்று உடலில் நிகழ்ந்தால் மட்டும் போதாது; அது உணரப்பட வேண்டும் என்பது இவ்வரையறையின் நுட்பம். உறங்குபவருக்கும் மயக்கத்தில் இருப்பவருக்கும் காயம் உண்டு, வலி இல்லை.

கிரேக்க மருத்துவர் ஜாலினூஸ், அதாவது கேலன், உறுப்பின் தொடர்ச்சி அறுபடுவதே வலிக்குக் காரணம் என்றார். இப்னு ஸீனா அதை முழுமையாக ஏற்கவில்லை. தொடர்ச்சி எங்கும் அறுபடாமலேயே, உறுப்பின் 'மிஸாஜ்' எனும் தன்மை திடீரெனக் கெடுவதாலும் வலி தோன்றும் என்று வாதிட்டார். இன்றைய நரம்பியல் முழுவதையும் அவரே கூறிவிட்டார் என்று நான் சொல்ல வரவில்லை. பழைய நூல்களில் புதிய கண்டுபிடிப்புகளைத் தேடி மகிழும் பழக்கம் நமக்குச் சற்று அதிகம். அது நூலுக்கும் நீதியன்று, அறிவியலுக்கும் நீதியன்று. வெட்டும் காயமும் கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் வலி மெய்யாக இருக்கக்கூடும் என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஓர் அறிஞர் ஏற்றுக்கொண்டார் என்ற அளவில் நிறுத்திக்கொள்வோம்.

வலி ஆய்வுக்கான சர்வதேச சங்கம் 2020ஆம் ஆண்டில் தன் வரையறையைத் திருத்தியது. உடல் திசு சிதைவதால், அல்லது சிதைவதைப் போன்ற நிலையால் ஏற்படும் இனிமையற்ற உடலுணர்வும் மனவுணர்வும் சேர்ந்த அனுபவமே வலி என்பது அதன் சாரம். அதனுடன் இணைத்த குறிப்புகளில் ஒன்று நாம் மனத்தில் பதிக்கத்தக்கது: தமக்கு வலிக்கிறது என்று ஒருவர் கூறினால் அக்கூற்று மதிக்கப்பட வேண்டும்.

விரலில் முள் தைத்தால் எழும் வலி நமக்குக் காவலன். கையை விலக்கு என்று எச்சரிக்கிறது. காயம் ஆறியதும் காவலன் ஓய்ந்துவிடுவான். மூன்று மாதங்களுக்கு மேலும் நீடிக்கும் வலியை மருத்துவர்கள் நீண்டகால வலி என்கின்றனர். அதில் ஒரு வகை, நரம்பே பழுதுபட்டுத் தானாகச் செய்தி அனுப்பிக்கொண்டிருப்பது. கள்வன் போன பின்னும் ஓயாமல் கூவும் காவலனைப் போன்றது அது. கையை இழந்தவர் இல்லாத கையில் வலியை உணர்வது இதன் உச்சம். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்காவில் ஆய்வு செய்த நம் தமிழறிஞர் வி.எஸ். இராமச்சந்திரன், 1990களில் ஒரு சாதாரண முகக்கண்ணாடியைக் கொண்டே அத்தகையோர் சிலருக்கு வலியைக் குறைத்துக் காட்டினார். இருக்கும் கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் பார்க்கும்போது மூளையின் கணக்கு மாறுகிறது. வலி உறுப்பில் மட்டும் குடியிருப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

வலிக்கு எத்தனை பெயர்கள்?

இப்னு ஸீனா வலியைப் பதினைந்து வகையாகப் பிரித்துப் பெயரிட்டார். நமைச்சலாக எழுவது, குத்துவது, அழுத்துவது, இழுப்பது, துளைப்பது, துடிப்பது, மதமதப்பது, கனப்பது, அயர்வாக இருப்பது, சுரீரெனக் கடிப்பது என்று அப்பட்டியல் விரிகிறது. ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு காரணம் உண்டு என்பதால், நோயாளி எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார் என்பதே மருத்துவருக்கு முதல் தடயம். 1975இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்ட் மெல்சாக் வெளியிட்ட வினாப்பட்டியலும் இதே வழியில் அமைந்தது. வலியைக் குறிக்கும் 78 சொற்களை 20 தொகுதிகளாக வகுத்து, நோயாளி தமக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுக்குமாறு அது அமைக்கப்பட்டது.

தமிழ் இவ்வகையில் வறிய மொழியன்று. குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, எரிச்சல், பிடிப்பு, இசிவு, மதமதப்பு, விண்விண்ணென்று தெறித்தல் என்று நம் பாட்டிமார் பகுத்துப் பேசினர். மூட்டுத் தேய்ந்தவர் உளைகிறது என்பார். தசை இறுகியவர் பிடித்துக்கொண்டது என்பார். நரம்பு பழுதுபட்டவரோ எரிகிறது, மின்சாரம் பாய்வது போல் இழுக்கிறது, எறும்பு ஊர்கிறது, கால் மரத்திருக்கிறது, துணி பட்டாலும் தாளவில்லை என்பார்.

இப்பாகுபாட்டை நான் இங்கு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. நாம் பேசவிருக்கும் மின்கருவி பெரும்பாலும் இந்த இறுதி வகைக்கு, அதாவது நரம்பு வலிக்கு உரியது. மூட்டு உளைச்சலுக்கோ உடலசதிக்கோ அது மருந்தன்று. ஆகவே 'வலிக்கிறது' என்ற ஒரே சொல்லோடு மருத்துவரிடம் செல்பவரும், அந்த ஒரே சொல்லைக் கேட்டு மருந்தெழுதும் மருத்துவரும் வழி தவற இடமுண்டு.

ரஅஆத் எனும் மீன்

வலிக்கு மின்சாரத்தைப் பயன்படுத்துவது மின்சாரம் என்ற பெயர் தோன்றுவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. உடலிலிருந்து மின் அதிர்ச்சி தரும் திருக்கை மீனை, கி.பி. முதல் நூற்றாண்டின் உரோம மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் தலைவலிக்கும் கால்விரல் மூட்டு வாதத்துக்கும் பரிந்துரைத்தார். உயிருள்ள மீனை வலியுள்ள இடத்தில் வைத்து, அவ்விடம் மரத்துப்போகும் வரை விட்டுவைப்பதே அம்முறை.

அரபு மருத்துவர்கள் அம்மீனை 'ரஅஆத்' என்றழைத்தனர். இடியைக் குறிக்கும் 'ரஅத்', நடுக்கத்தைக் குறிக்கும் 'ரிஅதா' ஆகியவற்றின் வேரிலிருந்தே இச்சொல்லும் பிறந்தது. தொட்டவரை நடுங்கச் செய்வதால் வந்த காரணப்பெயர் இது. தலைவலி உடையவரின் அருகே அதை உயிருடன் கொண்டுசெல்லும் சிகிச்சையை இப்னு ஸீனா குறிப்பிடுகிறார். ஸ்பெயினின் மாலகாவில் பிறந்து 1248இல் திமிஷ்கில் மறைந்த மூலிகை அறிஞர் இப்னுல் பைதாரும் இம்மீனைத் தம் மருந்துக் களஞ்சியத்தில் சேர்த்துள்ளார். பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் எகிப்தில் வாழ்ந்த அப்துல் லத்தீஃப் அல்பக்தாதி, நைல் நதியில் கிடைக்கும் ரஅஆத் பற்றித் தம் எகிப்து நூலில் எழுதினார். அது திருக்கையன்று, மின் அதிர்ச்சி தரும் கெளுத்தி வகை. இரண்டுக்கும் ஒரே பெயரிட்ட அரபு மக்கள், வடிவத்தை விடுத்துச் செயலைப் பார்த்துப் பெயரிட்டனர் என்பது மொழியாசிரியனான எனக்குச் சுவையான செய்தி.

அம்மீனின் ஆற்றல் எதனால் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. இத்தாலியின் கால்வானி, தவளைக் காலைக் கொண்டு நடத்திய ஆய்வுகளை 1791இல் வெளியிட்ட பின்னரே நரம்புக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு ஆராய்ச்சிப் பொருளாயிற்று.

வாயில் கோட்பாடு

குழந்தை முழங்காலை இடித்துக்கொண்டு அழுகிறது. தாய் ஓடிவந்து அவ்விடத்தைத் தேய்த்துவிடுகிறாள், அழுகை அடங்குகிறது. தேய்ப்பதால் ஏன் வலி குறைய வேண்டும்? இதற்கு விடையளிக்கும் கோட்பாட்டை, மேற்சொன்ன மெல்சாக்கும் ஆங்கிலேய அறிஞர் பேட்ரிக் வாலும் 1965இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டனர்.

தோலிலிருந்து தண்டுவடத்துக்குச் செல்லும் நரம்பிழைகளில் தடித்தவையும் மெல்லியவையும் உண்டு. தொடுகை, அதிர்வு முதலானவற்றைத் தடித்த இழைகள் விரைவாகக் கொண்டுசெல்கின்றன. வலியை மெல்லிய இழைகள் கொண்டுசெல்கின்றன. இரண்டும் தண்டுவடத்தின் பின்புறப் பகுதியில் வந்து சேர்கின்றன. அங்கே ஒரு வாயில் இருப்பதாகக் கொள்ளலாம். தடித்த இழைகளில் போக்குவரத்து மிகுந்தால் வாயில் சாத்தப்பட்டு, வலியின் செய்தி மூளைக்கு ஏறுவது குறைகிறது. மூளையும் மேலிருந்து அவ்வாயிலை இறுக்கவோ தளர்த்தவோ செய்யும். அச்சமும் தனிமையும் வலியைக் கூட்டுவதும், மனத்துக்கு இதமான ஈடுபாடு அதைக் குறைப்பதும் இதனால்தான். வலியைத் தணிப்பவை என்று இப்னு ஸீனா எழுதியவற்றில் மெதுவான நடையும் இனிய ஓசையும் மனத்தை ஈர்க்கும் வேலையும் இடம்பெற்றிருப்பதை இவ்விடத்தில் நினைவுகூரலாம்.

பிந்தைய ஆய்வுகள் இக்கோட்பாட்டின் நுண்பகுதிகள் பலவற்றைத் திருத்திவிட்டன. ஆயினும் அதன் அடிப்படை நிலைத்தது. அதிலிருந்தே புதிய சிகிச்சை பிறந்தது. தடித்த இழைகளை மின்சாரத்தால் தூண்டினால் வாயிலைச் சாத்தலாம் அல்லவா? 1967இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் நார்மன் ஷீலி என்ற அறுவை மருத்துவர், புற்றுநோய் வலியால் துன்புற்ற ஒருவரின் தண்டுவடத்தின் பின்புறத்தில் மின்முனையைப் பதித்தார். தண்டுவட மின்தூண்டல் அன்று தொடங்கியது. இயன்முறை மருத்துவ நிலையங்களில் தோலின்மேல் ஒட்டி மின்னோட்டம் தரும் சிறு கருவியும் இதன் உடன்பிறப்பே.

கருவி எவ்வாறு அமைந்துள்ளது?

இதயத்துக்கு வைக்கும் பேஸ்மேக்கர் கருவியை அறியாதார் இன்று இலர். 1958இல் சுவீடனில் முதன்முதலாக மனித உடலுக்குள் பொருத்தப்பட்டது அது. தண்டுவடக் கருவியும் ஏறத்தாழ அதன் இனமே. மூன்று பகுதிகள் இதில் உண்டு. முதலாவது, முனையில் பல மின்வாய்களைக் கொண்ட மெல்லிய கம்பி. முள்ளெலும்புகளுக்கு உள்ளே, தண்டுவடத்தைப் போர்த்திய உறைக்கு வெளியே உள்ள இடைவெளியில், எக்ஸ்ரே திரையில் பார்த்தபடி ஊசி வழியாக இது செலுத்தப்படுகிறது. தண்டுவடத்தை இது துளைப்பதில்லை. இரண்டாவது, பின்னிடுப்பிலோ வயிற்றுப் பக்கத்திலோ தோலுக்கடியில் வைக்கப்படும் மின்கலப் பெட்டி. மூன்றாவது, நோயாளியின் கையில் இருக்கும் கட்டுப்படுத்தும் கருவி.

பழைய முறையில், வலித்த இடத்தில் இலேசான சுறுசுறுப்பு தோன்றும். வலியின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். நொடிக்குப் பத்தாயிரம் துடிப்புகள் தரும் புதிய முறையில் அச்சுறுசுறுப்பும் தெரிவதில்லை.

இதில் மிக முக்கியமான கட்டம் ஒத்திகை. நிரந்தரமாகப் பதிக்கும் முன், கம்பியை மட்டும் உள்ளே வைத்து, மின்கலப் பெட்டியை உடலுக்கு வெளியே இணைத்து, ஏறத்தாழ ஒரு வாரம் சோதிக்கின்றனர். வலி பாதியளவேனும் குறைந்து, நடையும் உறக்கமும் மேம்பட்டால் மட்டுமே அடுத்த கட்டம். குறையாவிடில் கம்பியை உருவிவிடலாம். ஒத்திகையின்றி நேரே பதித்துவிடலாம் என்று எவரேனும் கூறினால், அங்கிருந்து எழுந்து வருவதே அறிவுடைமை.

பலனும் வரம்பும்

இக்கருவியின் பலனை ஆராய்ந்த அறிஞர்களுள், கனடாவின் ரெஜைனா நகரில் பணியாற்றிய இந்திய வம்சாவளி நரம்பு அறுவை மருத்துவர் கிருஷ்ண குமார் குறிப்பிடத்தக்கவர். முதுகு அறுவைக்குப் பின்னும் கால் வலி நீங்காத 100 பேரை வைத்து அவர் தலைமையில் நடந்த ஆய்வின் முடிவு 2007இல் வெளியாயிற்று. ஆறு மாத முடிவில், கருவி பொருத்தப்பட்டவர்களில் 48 விழுக்காட்டினருக்குக் கால் வலி பாதியோ அதற்கு மேலோ குறைந்தது. மருந்து முதலிய வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் அவ்வாறு குறைந்தோர் 9 விழுக்காட்டினரே. பிரிட்டனின் மருத்துவத் தர நிறுவனம் 2008இல், ஆறு மாதங்களேனும் நீடித்த கடும் நரம்பு வலிக்கு, ஒத்திகையில் தேறியவர்களுக்கு இதைப் பரிந்துரைத்தது. நீரிழிவால் பாதத்தில் எரிச்சல் கொண்ட 216 பேரிடம் நடந்த மற்றோர் ஆய்வு 2021இல் நல்ல முடிவுகளைத் தெரிவித்தது. அமெரிக்க அரசும் அவ்வாண்டே அந்நோய்க்கு இதனை அனுமதித்தது. நீரிழிவு மலிந்த நம் நாட்டுக்கு இது கவனத்துக்குரிய செய்தி.

இனி மறுபக்கம். மேற்சொன்ன இரு ஆய்வுகளும் கருவி தயாரிக்கும் நிறுவனங்களின் பொருளுதவியுடன் நடந்தவை. கருவி பெற்றவருக்குத் தாம் அதைப் பெற்றது தெரியும். நம்பிக்கையாலேயே குறையும் வலியை அதிலிருந்து பிரித்தறிவது கடினம். இதைச் சோதிக்க நார்வே நாட்டு மருத்துவர்கள், முதுகு அறுவைக்குப் பின் வலி நீங்காத 50 பேருக்குக் கருவியைப் பதித்து, சில காலம் மின்னோட்டம் தந்தும் சில காலம் தராமலும், எது எப்போது என்று நோயாளிக்குத் தெரியாதவாறு ஆராய்ந்தனர். 2022இல் வெளியான முடிவின்படி, இரு நிலைகளுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மின்னோட்டத்தின் ஒரு வகையை மட்டுமே அவ்வாய்வு சோதித்தது என்ற ஆட்சேபம் உண்டு. எனினும் 2023இல், இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் அறிக்கையும், முதுகுவலிக்கு இக்கருவி நீடித்த பலன் தருவதற்குச் சான்று போதாது என்றே கூறியது.

பக்கவிளைவுகளும் உள்ளன. கம்பி இடம் பெயர்தல், முறிதல், தொற்று, பெட்டி வைத்த இடத்தில் வலி என்பன அவற்றுள் சில. கிருஷ்ண குமாரின் ஆய்விலேயே ஓராண்டுக்குள் கருவி பெற்றவர்களில் 32 விழுக்காட்டினர் இத்தகைய சிக்கலைச் சந்தித்தனர். மின்கலத்தைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்; வெளியிலிருந்து மின்னேற்றும் வகை கூடுதல் காலம் உழைக்கும். எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன் மருத்துவரிடம் கருவி இருப்பதைக் கூற வேண்டும். இயன்முறை மருத்துவத்தில் 'டயாதெர்மி' எனும் வெப்பமூட்டும் மின்சிகிச்சை இவர்களுக்கு ஆகாது.

ஆகவே மாணவரின் முதல் வினாவுக்கு விடை: சிலருக்குப் பலன் தரும், சிலருக்குத் தராது, எவருக்கும் வலியை வேரோடு களையாது. பாதி குறைந்தாலே அதை வெற்றி என்கின்றனர்.

மார்க்கத்தின் பார்வை

நோய்க்கு மருந்து தேடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியதை உஸாமா இப்னு ஷரீக் (ரலி) அவர்களின் அறிவிப்பு வழியாக அபூதாவூத், திர்மிதீ நூல்களில் காண்கிறோம். ஒவ்வொரு நோய்க்கும் மருந்துண்டு என்ற பொருளிலான நபிமொழி முஸ்லிமில் பதிவாகியுள்ளது. உடலுக்குள் கருவி பதிப்பது சிகிச்சையின் ஒரு வடிவமே. பேஸ்மேக்கரை ஏற்கும் நாம் இதை மறுக்கக் காரணமில்லை.

வணக்க வழிபாடுகளில் எழும் ஐயங்களும் எளியவையே. பெட்டியும் கம்பியும் தோலுக்கடியில் இருப்பதால் உளூவுக்கோ குளிப்புக்கோ தடையாகா. ஒத்திகை வாரத்தில் மட்டும் முதுகில் கட்டு இருக்கும். முதுகு உளூவின் உறுப்பன்று என்பதால் உளூவில் சிக்கலில்லை. குளிப்பு கடமையானால் கட்டின்மீது ஈரக்கையால் தடவும் சலுகை உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் அத்துடன் தயம்மும் செய்ய வேண்டும், ஹனஃபி மத்ஹபில் தடவுதலே போதும். மின்னோட்டம் உணவோ பானமோ அன்று. நோன்புக்கு அதனால் இடையூறில்லை. ஹஜ், உம்ரா செல்வோர் விமான நிலையச் சோதனை வாயிலில் காட்டுவதற்காகக் கருவியின் அட்டையை உடன் வைத்திருக்க வேண்டும். எரியூட்டும் வழக்கமுடையோர் மின்கலம் வெடிக்கும் என்பதால் முன்னரே அதை அகற்றுகின்றனர். நல்லடக்கம் செய்யும் நமக்கு அத்தேவை இல்லை. இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிருள்ளவரின் எலும்பை முறிப்பதற்கு ஒப்பானது என்ற நபிமொழியின் கருத்தை எண்ணி, மைய்யித்தை அறுக்காமல் விடுவதே முறை.

மூன்றாவது வினாவே கடினமானது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் தவக்குல் பற்றிய பகுதியில், தீங்கை நீக்கும் வழிகளை மூன்றாகப் பிரிக்கின்றார்கள். தாகத்துக்குத் தண்ணீர் போல் உறுதியான பலன் தருவன ஒன்று. மருந்துகளைப் போல் பலன் தரும் என்று பெரிதும் எண்ணப்படுவன மற்றொன்று. வெறும் ஊகமானவை மூன்றாவது. முதல் வகையைக் கைவிடுவது தவக்குல் ஆகாது. இரண்டாம் வகையைக் கையாள்வது தவக்குலுக்கு முரணன்று. கைவிடுவது குற்றமும் அன்று. நாம் பேசும் கருவி, தக்க நோயாளிக்கு, இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது என்பதே என் கருத்து. ஆகவே இருக்கும் ஒரே கூரையை விற்பதும், அதனினும் கொடிதாக வட்டிக்குக் கடன் வாங்குவதும் கடமை ஆகா. வசதியுள்ளவர் செய்துகொள்ளலாம். வசதியற்ற நோயாளிக்கு ஸகாத் நிதியிலிருந்தும் ஜமாஅத்தின் பொதுநிதியிலிருந்தும் உதவுவது நன்மைக்குரிய செயல். ஆனால் அதற்கு முன், ஒத்திகையில் தேறினாரா என்று கேட்பது நிதியை நிர்வகிப்போரின் பொறுப்பு.

பொறுமை பற்றி ஒரு சொல்

இதை எழுதும்போது என் குறை ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த அம்மையாரின் வலியைப் பற்றி மாணவர் முன்னரும் இருமுறை என்னிடம் கூறியதுண்டு. 'ஸப்ரு செய்யச் சொல்லுங்கள், பாவங்கள் மன்னிக்கப்படும்' என்று கூறி அனுப்பிவிட்டேன். முள் தைப்பதற்குக்கூட நற்பலன் உண்டு என்ற நபிமொழி உண்மையே. ஆனால் அது வலியில் இருப்பவருக்கு ஆறுதலாக அருளப்பட்டது. பக்கத்தில் இருப்பவர் கடமையிலிருந்து கழன்றுகொள்வதற்காக அன்று. பொறுமைக்கு முன்மாதிரியான அய்யூப் (அலை) அவர்கள் தமக்கு நேர்ந்த துன்பத்தை இறைவனிடம் வாய்விட்டு முறையிட்டார்கள். அவ்வாறு முறையிட்டவரையே பொறுமையாளர் என்று திருமறை புகழ்கிறது. அவர்களுக்கு நிவாரணம் வந்ததும் ஒரு காரணத்தின் வழியாகவே: காலால் தரையை அடிக்குமாறும், குளிர்ந்த நீரில் குளித்துப் பருகுமாறும் கட்டளை வந்தது. பொறுமை ஒரு கையில் என்றால், மருத்துவம் மறு கையில்.

மாணவருடன் அவர் இல்லத்துக்குச் சென்றேன். எவ்வாறு வலிக்கிறது என்று கேட்டபோது அந்த அம்மையார், "கெண்டைக்காலுக்குக் கீழே தீ வச்ச மாதிரி எரியுது. முந்தானை பட்டாக்கூடப் பொறுக்கல" என்றார். சற்று நேரம் கழித்து, "வலி போகாட்டியும் போகுது ஹஜ்ரத். வேலைக்குச் சோம்பி நடிக்கிறேன்னு வீட்டுல சொல்லாம இருந்தாப் போதும்" என்றார். மாணவர் தலைகுனிந்து நின்றார். நானும்தான்.

எரிச்சல் என்ற அந்தச் சொல்லை எழுதி எடுத்துக்கொண்டு, நெல்லையில் நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் அவரை அழைத்துச் சென்றோம். அதுவரை அவருக்குத் தரப்பட்டவை யாவும் பொதுவான வலி மாத்திரைகள். நரம்பு வலிக்கென்றே உள்ள மருந்தும் பயிற்சியும் முறையாகத் தரப்படவே இல்லை என்று மருத்துவர் கூறினார். கருவி என்பது அவையெல்லாம் தோற்ற பிறகு எண்ண வேண்டியது என்றார். புதிய மருந்தில் வலி ஓரளவு குறைந்துள்ளது, முற்றிலும் நீங்கவில்லை. இப்போது நாற்காலியில் அமர்ந்து தொழுகிறார். இரவில் நான்கு மணி நேரம் உறங்குகிறார். வீடு விற்கப்படவில்லை. ஓராண்டுக்குப் பின்னும் தேவைப்பட்டால் ஒத்திகையைப் பற்றி யோசிப்பது என்று முடிவு செய்துள்ளனர்.

இக்கருவியைப் பற்றிக் கேள்விப்படும் வாசகர்கள் மருத்துவரிடம் சில வினாக்களைக் கேட்பது நன்று. இது நரம்பு வலிதானா? நரம்பு வலிக்குரிய மருந்துகள் போதிய காலம் தரப்பட்டனவா? ஒத்திகை உண்டா, அதன் செலவு தனியாக எவ்வளவு? மின்கலம் தீர்ந்தால் மாற்றும் செலவு யாருடையது? கம்பி நகர்ந்தால் எங்கே வர வேண்டும்? காப்பீடு எதை ஏற்கும்? இவற்றுக்குப் பொறுமையாக விடை தரும் மருத்துவரிடமே கருவியையும் நம்பி ஒப்படைக்கலாம்.

மருத்துவரைக் காண்பதற்கு முன்பே வீட்டில் செய்யக்கூடியது ஒன்றுண்டு. வலிக்கிறது என்பவரின் அருகில் அமர்ந்து, எங்கே, எவ்வாறு என்று கேட்டு, அவர் சொல்லும் சொல்லை நம்புவது. அதற்குச் செலவில்லை. நோயைத் தந்தவனும் நிவாரணத்தைத் தருபவனும் அல்லாஹ்வே. அவன் துன்புறுவோர் அனைவருக்கும் ஷிஃபாவை வழங்குவானாக! ஆமீன்.